வேனுக்கு முன்னால் என் சம்பந்தி

காசு கட்டி ஓடுகிற மனிதர்களை நான் அறுபது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்த ஓட்டமெல்லாம் காசுக்காக ஓடுகிற ஓட்டம். மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், தலையில் புளி மூட்டையோடு பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் கை தட்டவில்லை. கூலி கொடுத்தார்கள், அதையும் முறைத்துக்கொண்டே கொடுத்தார்கள். அப்படி ஓடித்தான், நாலாவதோடு நின்றுபோன படிப்பை வைத்துக்கொண்டு, இன்றைக்குக் காரிமங்கலத்தில் சொந்தப் புளி மண்டி, சொந்தக் கிடங்கு, மகனுக்குத் தனி வீடு, மகளுக்கு ஊரே பேசிய கல்யாணம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், இல்லையென்று எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் இங்கே சொல்வது அதற்காக இல்லை. ஓட்டம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

ஆனாலும் ஒருவர் எடுத்தார். மகளின் மாமனார். என் சம்பந்தி.

அவர் அரசு பஸ்சில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பேச வந்தபோது வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, அளந்து பேசுகிற அடக்கமான மனுஷனாகத்தான் தெரிந்தார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இந்தப் பித்து பிடித்தது. விடிந்தும் விடியாமலும் பச்சைக் கலரில் கையில்லாத பனியன், அரை டவுசர், முழங்காலுக்குக் கீழே குச்சி மாதிரி இரண்டு கால், அதன் அடியில் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு ஷூ. ஏரிக்கரை மேல் ஓடுவார். மண்டிக்கு மூட்டை கொண்டு வருகிறவர்கள் என்னிடம் வந்து சொல்வார்கள். "உங்க சம்மந்தி டவுசரு போட்டுக்கினு எங்கியோ போறாரு முதலாளி, வூட்ல ஏதாச்சும் சண்டைங்களா?"

மகன் வழிப் பேரனுக்குக் காது குத்தின அன்றைக்கு நடந்ததுதான் உச்சம். சொந்தபந்தமெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் வேர்வை சொட்டச் சொட்ட அதே டவுசரோடு வந்து நிற்கிறார். மாற்றுத் துணி முதுகுப் பையில்.

"என்னா சம்மந்தி இது கோலம்?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பஸ்சுக்கு நின்னா நேரமாயிடும்னு ஓடியே வந்துட்டேங்க."

"உங்களுக்குத்தான் பஸ்சுல பாஸ் குடுத்திருக்காங்களே, ஓசியில ஏறிக்கினு வர்றதுக்கு என்னா?"

"இருக்குதுங்க. அத வச்சிக்கினு காலமெல்லாம் பஸ்சுலயே நின்னாச்சு."

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி வேறு சாம்பார் வாளியோடு போகிறபோக்கில், "அவரு நாலு மைலு ஓடியாறாரு, நீங்க மாடிப்படி ஏறினாலே நாற்காலி கேக்கறீங்க" என்றாள். சபையில் பெண்டாட்டிக்கு பதில் சொல்கிறவன் எந்த ஊரிலும் ஜெயித்ததில்லை.

ஓடுவதோடு நின்றிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். பந்தயத்துக்குப் போக ஆரம்பித்தார். ஓசூருக்கு ஒரு முறை, சேலத்துக்கு ஒரு முறை. பேர் கொடுத்து, காசு கட்டி, முந்தின நாளே போய் நெஞ்சில் குத்திக்கொள்கிற நம்பரை வாங்கி வந்து அதை இஸ்திரி போடாத குறையாக வைத்திருப்பாராம். இரண்டு முறையும் பாதியில் வேனில் ஏற்றிவிட்டார்கள். அது என்ன வேன் என்று மகள்தான் போனில் விளக்கினாள்.

"எல்லாருக்கும் கடைசியா ஒரு வேன் மெதுவா வரும்ப்பா. அது யாரைத் தாண்டுதோ அவங்க ஏறிக்கணும். அவங்களுக்கு ரேஸ் அவ்வளவுதான். மாமாவ ரெண்டு தடவையும் ஏத்திட்டாங்க. வந்து ரெண்டு நாளு சரியாவே சாப்பிடல."

"ஏத்திக்கினு வந்து கொண்டாந்து விடறானுங்களே, நல்லவனுங்கதானே?"

"அய்யோ அப்பா! இந்த வாட்டி நம்ம காரிமங்கலத்துலயே நடக்குது. பத்து கிலோமீட்டரு. வேன் வர்றதுக்குள்ள தானா போய்ச் சேந்துடணும், அதான் அவருக்கு. மெடலை மாட்ட ஹாலுல ஆணி வேற அடிச்சு வச்சிருக்காரு."

"எத்தனாவது பரிசுக்கு மெடலு?"

"பரிசெல்லாம் இல்லப்பா. முடிச்ச எல்லாருக்கும் குடுப்பாங்க."

"எல்லாருக்குமா? அப்ப ஜெயிச்சவன் யாரு?"

"உங்களுக்குச் சொன்னா புரியாது" என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்கு எது புரியாது? எங்கள் பக்கத்தில் தை மாதம் எருது விடுகிறார்கள். காளை ஓடுகிறது, நேரம் பார்க்கிறார்கள், முதலில் வந்த காளைக்குப் பரிசு. இரண்டாவது, மூன்றாவதுக்கும் உண்டு. பின்னால் அசைந்து அசைந்து வருகிற காளைக்கு என்ன கிடைக்கும்? வீட்டுக்குப் போனால் தவிடு கிடைக்கும். நானும் காளை வைத்திருந்தேன். தோற்ற அன்றைக்கு அதன் கழுத்தில் யாராவது ஒரு தகட்டை மாட்டி வாழ்த்துச் சொல்லியிருந்தால் காளையே முட்டியிருக்கும்.

இருந்தாலும் பந்தயப் பாதை என் மண்டி வாசல் வழியாகத்தான் போகிறது என்று தெரிந்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவு பேர் வெளியூரிலிருந்து வந்து என் மண்டியைத் தாண்டிப் போவார்கள், என் புளியை ஒரு வாய் ருசிக்காமல் போவார்களா? பந்தல் போட்டேன். நான் கை கூப்பி நிற்கிற படத்தோடு ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தேன். பழைய புளி, மண்டை வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டு அண்டா அண்டாவாகப் பானகம் கரைத்தோம். வருகிறவர்கள் கடைசி மைலில் சாகக் கிடப்பார்கள், இதைக் குடித்தால் எழுந்து உட்காருவார்கள் என்று கணக்கு.

முதலில் வந்த பையன்கள் போலீசு, பட்டாளம் என்று பரீட்சைக்குத் தயாராகிறவர்கள். காற்று மாதிரி போனார்கள். பானகத்தை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. "தண்ணி இல்லீங்களா?" என்று மட்டும் ஒருவன் ஓடிக்கொண்டே கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவர்களுக்குப் பின்னால்தான் கூட்டம் வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் ஏறியது. ஒருத்தருக்கும் பரிசு கிடைக்காது என்று பார்த்தாலே தெரிகிறது. தொப்பை, நரை, முழங்காலில் துணிப்பட்டை. ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகிற முகம்! பந்தலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தேன்.

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பையன் கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தான். "போன தடவைய விட ரெண்டு நிமிஷமாச்சும் கம்மியா முடிக்கணுங்க" என்றான்.

"யார ஜெயிக்க?"

"என்னையேதாங்க."

"உன்னை நீயே ஜெயிச்சா, தோத்தவனும் நீதானே தம்பி?"

"ஆமால்ல!" என்று, நான் ஏதோ நல்ல வார்த்தை சொன்ன மாதிரி சிரித்துவிட்டு ஓடினான்.

செல்போன் கடை வைத்திருக்கிற ஒரு கனமான ஆள் இரண்டு டம்ளர் குடித்தார். "தனியா ஓடினா நாயி தொரத்துதுங்க. சொந்தக்காரன் வண்டிய நிறுத்தி, வா ஏறுங்கறான். இங்க வந்தா ரோடு பூரா கை தட்றாங்க. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கடையில நிக்கிறேன், ஒருத்தன் எனக்குக் கை தட்டியிருப்பானா?"

பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் நின்று, நிதானமாகக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்தார். பழக்கம் விடாது போலிருக்கிறது. அவரிடமும் கேட்டேன். "வூட்ல எழுந்ததுல இருந்து நாலு பக்கமும் கூப்பிடுவாங்க ஐயா. ஸ்கூல்லயும் கூப்பிடுவாங்க. இதுல ஓடறப்ப யாரும் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் நான் நிக்க வேணாம்" என்றார். சொல்லிவிட்டு, நான் இன்னொரு டம்ளர் நீட்டிக் கூப்பிட்டதைக் காதிலேயே வாங்காமல் போய்விட்டார்.

இதெல்லாம் ஒரு காரணமா? கை தட்டு வேண்டுமென்றால் கட்சியில் சேரலாம். யாரும் கூப்பிடக் கூடாது என்றால் கோயிலில் போய் உட்காரலாம், தீர்த்தமலைப் படியில் உட்கார்ந்தால் குரங்கு தவிர யார் கூப்பிடப் போகிறார்கள்? என் எரிச்சல் எனக்கு. ஆனால் என் மண்டியில் மூட்டை தூக்குகிற ஆட்கள் ரோட்டோரம் நின்று, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கொடுக்கிற எனக்கு ஒரு நாள் அடித்ததில்லை.

கூட்டம் ஓய்ந்தது. ரோடு காலியாகக் கிடந்தது. அப்புறம் ரோட்டுத் திருப்பத்தில் பச்சைப் பனியன் தெரிந்தது. சம்பந்திதான். தனியாக வந்துகொண்டிருந்தார். அவருக்கு வெகு பின்னால், கொடி கட்டின வெள்ளை வேன்.

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சம்பந்தி உங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு வாய் கொடுக்காமல் விட்டால், அதை அடுத்த இரண்டு கல்யாணத்துக்குப் பேசுவார்கள். பெண் கொடுத்தவன் நான். அதுவும் ஊரே ரோட்டில் நிற்கிற நாளில். அதனால் முறையாகத்தான் ஏற்பாடு செய்திருந்தேன். புதுத் துண்டு விரித்த நாற்காலி, வெள்ளி டம்ளர், ஜரிகைச் சால்வை, போட்டோ எடுக்க ஆள். அவர் பந்தலுக்கு நேராக வந்ததும் ரோட்டில் இறங்கிக் கையைப் பிடித்தேன்.

"வாங்க சம்மந்தி, வாங்க வாங்க. உக்காருங்க."

"இல்லீங்க சம்மந்தி, நேரம்..."

"அட, ஒரு வாய் குடிச்சிட்டுப் போறதுல என்னா ஆயிடப் போவுது? நாலு பேரு பாக்கறாங்க, உக்காருங்க."

அவரும் நம்ம பக்கத்து மனுஷர்தானே, சம்பந்தி கையை எப்படி உதறுவார்? உட்கார்ந்தார். சால்வையைப் போர்த்தினேன். போட்டோக்காரன் வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்று எடுத்தான். சம்பந்தி பானகத்தை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டார். புரையேறியது. தலையைத் தட்டினேன். அவர் கண் என் தோளைத் தாண்டிப் பின்னாலேயே போனது. நானும் திரும்பிப் பார்த்தேன். வேன் திருப்பத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"அது கெடக்குது வுடுங்க. நம்ம வண்டியில உக்காருங்க, நேரா முடியற எடத்துக்கே கொண்டு போய் எறக்கி வுடறேன்" என்றேன்.

"கைய வுடுய்யா!" என்றார்.

எட்டு வருஷச் சம்பந்தத்தில் அவர் என்னை 'வாங்க போங்க' இல்லாமல் பேசியதில்லை. சால்வையை நாற்காலியில் எறிந்துவிட்டு ஓடினார். மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவன், "வூட்ல சொல்லிட்டு வந்துருக்க மாட்டாரு முதலாளி, அவசரத்துல போறாரு" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதலுக்கு அவனை அறைந்திருக்கலாம்.

மானம் போன கோபத்தில் ஸ்கூட்டரை எடுத்தேன். நிறுத்தி வைத்து நாலு வார்த்தை கேட்பதற்குத்தான் போனேன், அது சத்தியம். பக்கத்தில் போனதும் கேட்க முடியவில்லை. அவர் ஒரு தோள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் டிக்கெட் பை தொங்கின தோள். வாய் ஏதோ முணுமுணுத்தது. என்னைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் காற்று ஊதி நிறுத்தின அலங்கார வளைவு தெரிந்தது, அதுதான் முடிகிற இடம். வேன் எனக்குப் பின்னால் வந்துவிட்டது. இதே கதியில் போனால் வளைவுக்கு முன்னாலேயே அவரைத் தாண்டிவிடும். எடை போடாமல் நழுவப் பார்க்கிற லாரிகளை வருஷக்கணக்காக மறித்துப் பழகின உடம்பு எனக்கு. யோசிக்கவே இல்லை. ஸ்கூட்டரை நடு ரோட்டுக்குக் கொண்டு வந்து, நடக்கிற வேகத்துக்குக் குறைத்தேன்.

ஹாரன் அடித்தார்கள். தொப்பி போட்ட ஒரு பையன் ஜன்னலில் தலையை நீட்டினான். "ஐயா, ஓரமா போங்க!"

"ஓரத்துல குழியா இருக்குது."

"ரேஸ் நடக்குதுங்க ஐயா, இதுல வண்டியே வரக்கூடாது!"

"நீ ஏறி வர்றது என்னா, பல்லக்கா?"

டிரைவர் இந்தப் பக்கம் ஒடித்தான், நானும் ஒடித்தேன். அந்தப் பக்கம் வந்தான், நானும் போனேன். கடைசியில் வண்டி நின்றுபோன மாதிரி குறுக்கே ஸ்டாண்ட் போட்டு, சீட்டைத் தூக்கி உள்ளே எதையோ தேடினேன். பையன் இறங்கி வந்து கும்பிட்டான். நானும் திருப்பிக் கும்பிட்டேன். வளைவுப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. அப்புறம்தான் சீட்டை மூடினேன்.

நான் போய்ச் சேரும்போது சம்பந்தி முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மெடல். முன்னாலேயே முடித்துக் குளித்துத் தலை சீவினவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் அந்தக் கடைசி ஆளுக்காகக் கை தட்டினார்கள். முதலில் வந்தவனுக்கு இவ்வளவு தட்டியிருப்பார்களா, தெரியவில்லை. சம்பந்தி நிமிர்ந்தார். மகன் கல்யாணத்தில்கூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கண் கலங்கி, பல் எல்லாம் தெரிய, சின்னப் பிள்ளை மாதிரி. நானும் சேர்ந்து கை தட்டினேன் என்று எழுதினால் என் வீட்டுக்காரி நம்ப மாட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தத் தொப்பிப் பையன் இறங்கி வந்து சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். "இந்த ஐயா பலே ஆளுங்க. நடு ரோட்டுல வண்டியப் போட்டு எங்களை நகரவே வுடல."

சம்பந்தி என்னைப் பார்த்தார். "நெசங்களா?"

"நெசந்தான். உங்களுக்காகத்தான் சம்மந்தி."

கழுத்திலிருந்து மெடலைக் கழற்றி, அதை மாட்டின பெண்ணிடமே நீட்டினார். அந்தப் பெண் முழித்தது. "வச்சுக்கங்க தாத்தா, எல்லாருக்குந்தானே குடுக்கறோம்."

"எனக்கில்லம்மா. வேன் என்னைத் தாண்டியிருக்கும்."

எனக்கு வந்ததே ஒரு வெறி! "தாண்டியிருக்கும்னு யாருய்யா பாத்தா? இவன் கேட்டானா, அவன் கேட்டானா? பந்தல்ல உங்க நேரத்த எடுத்தது நானு. ரோட்டுல அத திருப்பிக் குடுத்தது நானு. கணக்கு நேராப் போச்சு!"

"அது மண்டிக் கணக்குங்க சம்மந்தி."

"மண்டிக் கணக்குன்னா மட்டமா?"

"உக்காந்தது நான்தானுங்க. உக்கார மாட்டேன்னு போயிருக்கலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "டிக்கெட் இல்லாதவன் எத்தனை பேர நட்ட நடு ரோட்டுல எறக்கி வுட்டிருக்கேன். நானே அப்படி ஏறி உக்காந்துக்கினு வந்தா?"

இந்த மனுஷனை என்ன செய்வது? பரிசு கிடையாது. பேப்பரில் பேர் வராது. கடைசியில் வந்த கிழவன் வேனுக்கு முன்னால் வந்தானா பின்னால் வந்தானா என்று இந்த ஜில்லாவில் ஒருத்தன் கேட்கப் போவதில்லை. கேட்கிறவன் இல்லாத இடத்தில் இவ்வளவு கறார் எதற்கு? என் தொழிலில் எடையில் வாதாடலாம், ஈரம் என்று சொல்லி விலையில் வாதாடலாம், நான் வாதாடி ஜெயிக்காத ஆள் சேலம் வரைக்கும் இல்லை. இவர்கள் வாதாட முடியாத ஒரு இடத்தைத் தேடிக் காசு கட்டிப் போகிறார்கள். அங்கே போய்த் தங்களைத் தாங்களே எடை போட்டுக்கொண்டு, குறைந்தால் குறைந்தது என்று ஒத்துக்கொண்டு, சந்தோஷமாக வேறு திரும்பி வருகிறார்கள். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் ஒருவர்கூட சம்பந்தியைப் பைத்தியம் என்று பார்க்கவில்லை. தலையை ஆட்டினார்கள், சரிதான் என்கிற மாதிரி. செல்போன் கடைக்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என்னைத்தான் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஸ்கூட்டரில் ஏற அவருக்குக் கால் தூக்க வரவில்லை. நான்தான் காலைப் பிடித்துத் தூக்கி சீட்டுக்கு அந்தப் பக்கம் போட்டேன். வண்டி கிளம்பியது முதல் வாய் ஓயவில்லை. எந்த மேட்டில் கெண்டைக்கால் பிடித்தது, எந்த வீட்டுப் பெண்கள் தண்ணீர் தெளித்தார்கள், ஒரு டீச்சரை எங்கே தாண்டி அந்த அம்மா மறுபடி எங்கே தன்னைத் தாண்டினார் என்று வழியெல்லாம் கதை. மெடல் போன வருத்தம் பேச்சில் ஒரு இடத்திலும் இல்லை. வருத்தமெல்லாம் எனக்குத்தான்.

"வாய மூடிக்கினு வாங்க சம்மந்தி, காத்துல உழுந்துடப் போறீங்க."

"சேலத்துல அடுத்த மாசம் ஒண்ணு இருக்குதுங்களாம். மொரப்பூர்ல ரயில் ஏறினா போயிடலாம்."

"போய்த் தொலைங்க."

அப்புறம், "நீங்களும் வாங்க" என்றார். "ஆனா ஒண்ணுமே செய்யக் கூடாது. ரோட்டோரமா சும்மா நிக்கணும். அவ்வளவுதான்."

சும்மா நிற்பதா? நானா? நடு ரோட்டிலேயே அவரை இறக்கிவிட்டுப் போகலாமா என்று வந்தது. வண்டியை நிறுத்தவில்லை. ரயில் காலையில் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.